வெளியே போன வார்த்தை

1. பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, விடுதிப் பிள்ளைகள் இருபத்தாறு பேரும் வழக்கம்போலச் சுவர்ப் பூங்காவுக்குப் போனோம்.
2. சுவரில் எங்கள் விடுதிக்கு ஒதுக்கிய இடத்தில், நடுவில் இருந்த பெரிய படத்துக்கு முகம் இல்லை.
3. செய்தவள் பொங்கலுக்கு ஊருக்குப் போக மாட்டாள் என்றார் வார்டன் அம்மா. யாரென்று தெரியும்வரை ஒருத்தியும் போக மாட்டாள் என்றும் சொன்னார்.
4. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அஞ்சலை போய், நான்தான் செய்தேன் என்றாள்.
5. அவள் செய்யவில்லை.
6. அது வார்டன் அம்மாவுக்குத் தெரியும்.
7. புதன்கிழமை காலையில் அஞ்சலையின் அப்பா வந்தார்.

ஏழாவது நடக்கும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் நான்காவதை நடக்கவிட்டிருப்போமா?

அது 1999. பெரம்பலூரில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தோம். நான் ஒன்பதாம் வகுப்பு, அஞ்சலை ஏழாம் வகுப்பு. எல்லாருடைய வீட்டிலும் கூலி வேலைதான். வருஷத்தில் மூன்று முறை ஊருக்குப் போவோம். அதில் பொங்கல்தான் பெரியது.

வார்டன் அம்மா குள்ளமாக இருப்பார். கஞ்சி போட்ட நூல் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து, வலது மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டிய வாட்ச். மணி பார்க்கும்போது உள்ளங்கையில் எழுதியிருப்பதைப் படிப்பதுபோல இருக்கும். எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். ஊர் பெயர்தான். நான் ரஞ்சன்குடி. அஞ்சலை கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தவள், அதனால் சோழபுரம். "ஏ சோழபுரம், தலைய வாருடி. ஏ ரஞ்சன்குடி, நோட்ட எடுத்துட்டு வா." அவர் எங்களை அடித்ததில்லை. சத்தம் போட்டதும் இல்லை. அடிக்கிற வார்டனாக இருந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டோம். அடி முடிந்துவிடும். அவர் சொன்னது முடியாது.

சொன்னதை மாற்ற மாட்டார். அவரைப் பற்றிச் சொல்ல இந்த ஒன்று போதும். யாராவது கெஞ்சினால், "வார்த்த வெளிய போயிருச்சுடி. இனிமே அது பின்னால நான் போயித்தான் ஆவணும்" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டது, பிடிக்கப் போகிறேன் என்பதுபோலச் சொல்வார்.

ஒருமுறை எங்களை ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் கூட்டிப் போனார். சரியாக நாலு மணிக்கு வேன் கிளம்பும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். நாலு மணிக்கு எல்லாரும் ஏறியாகிவிட்டது, சமையல் அக்காவை மட்டும் காணோம். டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தா எறங்கிட்டு இருக்காங்கம்மா. பச்சச் சீல, தெரியுது பாருங்க" என்றார்.

வார்டன் அம்மா பார்த்தார். "தெரியுது. வண்டிய எடுங்க."

சமையல் அக்கா டவுன் பஸ் பிடித்து ஏழு மணிக்கு வந்து சேர்ந்தார். சமையலறை வாசலில் நின்று, "இத்தன புள்ளைங்க முன்னாடி என்னைய வுட்டுட்டு வந்தீங்கல்ல? நாளைக்கு உப்புமாவுல உப்பு போட மாட்டேன். நானும் சொல்லிட்டேன், பாத்துக்குங்க" என்று கத்தினார்.

"சொல்லிட்டீங்கல்ல? போடாதீங்க" என்றார் வார்டன் அம்மா.

மறுநாள் உப்புமாவில் உப்பு இல்லை. நாங்கள் மென்று மென்று வைத்துவிட்டோம். வார்டன் அம்மா தன் தட்டு முழுவதையும் சாப்பிட்டார். தொட்டுக்கொள்ள ஊறுகாய் கூட எடுத்துக்கொள்ளவில்லை.

நல்லதும் இதே மாதிரிதான். வேப்பூர்ப் பெண்ணுக்கு அம்மை போட்டபோது, தண்ணி ஊத்துற வரைக்கும் உன் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஒன்பது நாள் இருந்தார். வேப்பிலைக் கொத்தோடு அந்த அறையிலேயே பாய் போட்டுப் படுத்தார்.

கீழப்பழுவூரில் அவருடைய அண்ணன் இருந்தார். ஏதோ பாகத் தகராறில் வார்டன் அம்மா அவரிடம், உன் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அண்ணன் செத்தபோது போனார். சமையல் அக்காவும் கூடப் போனார். வந்து எங்களிடம் சொன்னார்: "உள்ள போவவே இல்லடி. எதுத்தாப்ல தெருவுல வெயில்ல நிக்குறாங்க. அண்ணி வந்து கையப் புடிச்சு இழுக்குது. ம்ஹூம். பொணத்த வெளிய கொண்டாந்தப்பறம்தான் மூஞ்சியப் பாத்தாங்க."

"அழுதாங்களாக்கா?" என்று அஞ்சலை கேட்டாள்.

"அழுதாங்க. தெருவுல நின்னு அழுதாங்க."

சுவர்ப் பூங்கா என்பது நாங்கள் வைத்த பெயர். முன்பு டவுன் குப்பையைக் கொட்டிக்கொண்டிருந்த இடம். குப்பையை அள்ளிவிட்டு நாலு பக்கமும் சுவர் எழுப்பி, ஊஞ்சலும் சறுக்குமரமும் போட்டார்கள். சுவரை ஊர்க்காரர்களே படம் வரைந்து நிரப்புவது என்று ஏற்பாடு. பள்ளிக்கூடங்கள், மகளிர் குழுக்கள், ஆட்டோ ஸ்டாண்டு, எங்கள் விடுதி என்று ஆளுக்குக் கொஞ்சம் இடம். ஆட்டோக்காரர்கள் தங்கள் ஆட்டோக்களையே வரிசையாக, நம்பர் பிளேட்டோடு வரைந்திருந்தார்கள். ஒரு மகளிர் குழுவின் பசுவுக்கு ஐந்து கால். அது வால்தான் என்று அவர்கள் கடைசிவரை சாதித்தார்கள்.

எங்கள் பகுதியில் ஆளுக்கொரு சதுரம், அதில் அவரவர் ஊரை வரைய வேண்டும். நான் கோட்டை வரைந்தேன். அஞ்சலை ஒரு முந்திரி மரம் வரைந்தாள். பழம் மரத்தைவிடப் பெரியதாக இருந்தது.

"ஏன்டி, உங்க ஊர்ல அவ்வளவு பெரிய கோயில் இருக்கு, மரத்தப் போயி வரைஞ்சிருக்க?" என்று வார்டன் அம்மா கேட்டார்.

"எங்க வூட்டுலேருந்து பாத்தா இதாம்மா தெரியும்."

நடுவில் பெரிய படம் ஒன்று வேண்டும் என்று வார்டன் அம்மா போர்டு எழுதுகிற ஆர்ட்டிஸ்ட் ஒருவரைக் கூட்டி வந்தார். ஒரு பெண் குழந்தை புத்தகம் படிக்கிற படம். எங்கள் சதுரங்களுக்குச் சுண்ணாம்பில் கலர்ப்பொடி கலந்து கொடுத்தார்கள். பெரிய படத்துக்கு மட்டும் எனாமல் பெயிண்ட். "மூஞ்சி பளபளன்னு இருக்கணும், ரோட்டுலேருந்து தெரியணும்" என்று வார்டன் அம்மா சொன்னதால் முகத்துக்கு மட்டும் இரண்டு பூச்சு.

சுவர் பூசிப் பத்து நாள்கூட ஆகவில்லை. கொத்தனார் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"பூச்சு இன்னும் பச்சையா இருக்குதுங்கம்மா. ஒரு மாசமாச்சும் காயணும். இப்ப இந்தப் பெயிண்ட அடிச்சா உள்ள இருக்கற ஈரம் எங்க போவும்?"

"சுதந்திர தினத்துக்குத் தயாரா இருக்கும்னு பெரிய ஆபீசர்கிட்ட சொல்லிட்டேன்."

"நீங்க சொன்னதச் சுவரு கேக்குங்களா?"

"கேக்கும். அடிக்கச் சொல்லுங்க."

நான் பக்கத்தில் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்குப் புரியவில்லை. பின்னாளில் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தபோது, முதல் வருஷத்திலேயே இதற்கு அரைப் பக்கப் பாடம் இருந்தது. காயாத பூச்சின் ஈரம் உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். சுண்ணாம்பு அதை வெளியே விடும், அதனால் எங்கள் மரமும் கோட்டையும் பிழைத்தன. எனாமல் விடாது. ஈரம் அதன் பின்னால் சேர்ந்து கொப்பளம் கட்டும், பிறகு உரியும். எங்கே பெயிண்ட் கனமோ அங்கே முதலில் உரியும். அதாவது முகம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலிலிருந்து ஐந்தரை வரை பூங்கா. போனதும் முதலில் எல்லாரும் எங்கள் சுவருக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். வார்டன் அம்மா படத்தை மேலிருந்து கீழ்வரை பார்ப்பார். பிறகுதான் ஊஞ்சல்.

புது வருஷம் பிறந்த ஞாயிறு, படத்தின் கன்னத்தில் ஒரு கொப்பளம் இருந்தது. பூரி மாதிரி உப்பி இருந்தது. வரிசை கலைந்தபிறகு நான் திரும்பி வந்து அதை நகத்தால் அழுத்தினேன். அப்பளம்போல உடைந்தது. ஒரு சில்லு கையோடு வந்தது. அதைச் செடிக்குள் போட்டுவிட்டு ஊஞ்சலுக்குப் போனேன். அந்த வாரம் முழுக்க மார்கழிப் பனி. அடுத்த ஞாயிறு போனால் நெற்றியிலிருந்து தாடைவரை ஒன்றும் இல்லை. புத்தகம் இருந்தது, கை இருந்தது, ரெட்டைச் சடை இருந்தது. நடுவில் சாம்பல் நிறச் சிமெண்ட்.

ஆட்டோக்காரர் ஒருவர் தன் குழந்தைகளை ஊஞ்சலில் ஆட்டிக்கொண்டிருந்தார். "என்னா ஆஸ்டல் புள்ளைங்களா, சோறு பத்தலன்னு மூஞ்சியத் தின்னுட்டீங்களா?" என்றார். சுற்றி நின்ற குடும்பங்கள் சிரித்தன. அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் வார்டன் அம்மா பேசிவிட்டார். அவர் அவசரப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"இதச் செஞ்சவ பொங்கலுக்கு ஊருக்குப் போவ மாட்டா. செவ்வாக்கெழம சாயந்தரம் விளக்கு வைக்கறதுக்குள்ள வந்து சொல்லணும். சொல்லலன்னா ஒருத்தியும் போவ மாட்டா."

சொல்லிவிட்டுச் சுவருக்குப் பக்கத்தில் போய், முகம் இருந்த இடத்தை உள்ளங்கையால் தடவினார். கையைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக உப்பு ஒட்டியிருந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்குள் வார்த்தை வெளியே போயிருந்தது.

விடுதியில் நான் லீடர். பொங்கல் லீவு நோட்டு என்னிடம்தான் இருந்தது. பெயர், ஊர், கூட்டிப்போக வருபவர், கையெழுத்து என்று நாலு கட்டம். அம்மா, அப்பா, மாமா, அப்பத்தா என்று எல்லார் பெயருக்கும் நேரே யாராவது இருந்தார்கள். அஞ்சலைக்கு நேரே நான் ஒரு கோடு போட்டிருந்தேன். அவளுக்கு அம்மா இல்லை. அப்பா கரும்பு வெட்டக் கர்நாடகா பக்கம் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கார்டு கூட வருவதில்லை. போன பொங்கலுக்கும் அவள் சமையல் அக்காவோடு விடுதியில்தான் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்ததும் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் கூடினோம். ஒருத்தி அழுதாள். ஒருத்தி சாமியார் மாதிரி கண்ணை மூடி, "செஞ்சவ தானா வந்து சொல்லிடணும்" என்றாள். நான் நோட்டைத் திறந்தேன்.

"எல்லாருக்கும் வீட்டுலேருந்து ஆள் வருது. ஒருத்தருக்குத்தான் வரல" என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

எல்லாரும் அஞ்சலையைப் பார்த்தார்கள். வேப்பூர்க்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏ சோழபுரம், நீ எப்புடியும் இங்கதான இருக்கப்போற?"

"ஆமா."

"அப்ப நீ ஒத்துக்கிட்டா உனக்கு என்னடி கொறையப்போவுது?"

"நான் செய்யலயே."

"செய்யலன்னு எங்களுக்குத் தெரியாதா? சும்மா ஒத்துக்க. இருவத்தஞ்சு பேரு ஊருக்குப் போவோம்ல."

அஞ்சலை என்னைப் பார்த்தாள். "அடிப்பாங்களாக்கா?"

"வார்டன் அம்மா அடிச்சு நீ பாத்திருக்கியா?" என்றேன். "போவ மாட்டன்னுதான் சொன்னாங்க. நீ போவப்போறதே இல்ல. அப்பறம் என்ன?"

கணக்கு சரியாக இருந்தது. அவளுக்கும் சரியாகத்தான் பட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வரும்போது எல்லாரும் கரும்பு எடுத்தாறீங்களா?" என்று கேட்டாள். எடுத்து வருகிறோம் என்று தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தோம்.

வார்டன் அம்மா அறை வாசலில் அவளை முன்னால் விட்டுவிட்டு நாங்கள் பின்னால் நின்றோம்.

"நான்தாம்மா செஞ்சேன்."

"எதால?"

இதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. அஞ்சலை முழித்தாள். "கல்லாலம்மா."

"எப்ப?"

"அன்னிக்கி."

வார்டன் அம்மா அவளை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். அவர் பார்வை ஒவ்வொரு முகமாக வந்து என் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, "சரி. போயி சாப்பிடு" என்றார்.

மறுநாள் போகி. காலை பத்து மணிக்குக் கேட்டில் ஒருவர் நின்றார். தோளில் ஒரு கட்டுக் கரும்பு. காலில் செருப்பு இல்லை. கை விரல்களில் பழைய வெட்டுக்காயங்கள். அஞ்சலை துணி துவைத்துக்கொண்டிருந்தவள், சோப்புக் கையோடு ஓடிப்போய் அவர் வயிற்றில் முட்டிக்கொண்டு நின்றாள். அவர் கரும்புக் கட்டைக் கீழே வைக்காமல் ஒரு கையால் அவள் தலையைப் பிடித்திருந்தார்.

நான் நோட்டோடு வார்டன் அம்மா பக்கத்தில் மேசையில் இருந்தேன்.

"அஞ்சலையோட அப்பன்ங்க" என்றார் அவர்.

"ரெண்டு வருசமா எங்கங்க இருந்தீங்க?"

"கரும்பு வெட்டுலங்க. மேஸ்திரி வுடலைங்க. இப்பத்தான் நாலு நாளு வுட்டான். புள்ளையக் கூட்டிட்டுப் போயி மாட்டுப் பொங்கல் முடிஞ்சதும் கொண்டாந்து வுட்டர்றேன்."

வார்டன் அம்மா வாட்சைத் திருப்பிப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"இவ ஒரு தப்பு செஞ்சேன்னு ஒத்துக்கிட்டாங்க. பொங்கலுக்கு ஊருக்கு அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"தப்பு செஞ்சான்னா நாலு சாத்து சாத்துங்கம்மா. நானே குச்சி ஒடிச்சுத் தாரேன். அடிச்சுட்டு அனுப்புங்க."

"அடிக்கறேன்னு நான் சொல்லலையே."

அவர் சிரித்தார். விளையாடுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். வார்டன் அம்மா சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். "ஒரே ஒரு நாளுங்க. இன்னைக்குக் கூட்டிட்டுப் போயி நாளைக்கு..."

"இல்லங்க. வார்த்த வெளிய போயிருச்சு."

அஞ்சலை அப்போது என்னைத்தான் பார்த்தாள். வார்டன் அம்மாவை அல்ல, அவள் அப்பாவை அல்ல. என்னை. நான் வாயைத் திறந்தால் போதும். என் அம்மா மதியம் பன்னிரண்டு மணி பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தாள். நான் நோட்டைக் குனிந்து பார்த்தேன்.

"அந்தப் பேர அடிச்சிரு" என்றார் வார்டன் அம்மா. அடித்தேன். ஸ்கேல் வைத்து அடித்தேன்.

போகக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார், பார்க்கக்கூடாது என்று சொல்லவில்லை. அதனால் அப்பாவையும் மகளையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, தானே இலை போட்டுப் பரிமாறினார். ரசம் ஊற்றும்போது, "இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க" என்றார். அவர் ஒரு பெண்ணின் அப்பாவுக்குப் பரிமாறி நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. கிளம்பும்போது அஞ்சலையின் அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"புள்ளையப் பாத்துக்குங்கம்மா."

"இவ கல்யாணம் வரைக்கும் என் பொறுப்பு. கவலப்படாமப் போங்க."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். யார் சொன்னாலும் ஆறுதல் வார்த்தை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கேட்டுக்கு வெளியே நின்று பீடி பற்றவைத்த அவரிடம் சமையல் அக்கா, "நீ பயப்படாமப் போப்பா. அந்தம்மா தல போனாலும் சொன்ன வார்த்தய மாத்தாது" என்று சொல்லி அனுப்பினார். அவர் நம்பினார். அதுதான் நடந்த கேடு. அடுத்த பொங்கலுக்கு அவர் வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை. அங்கேயே வேறு ஒரு குடும்பம் ஆகிவிட்டது என்று அதே வெட்டுக்குப் போன ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். பிறகு அந்தச் செய்தியும் நின்றுவிட்டது.

அந்தப் பொங்கலுக்கு வார்டன் அம்மாவும் அரியலூரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகவில்லை. அஞ்சலைக்காக விடுதியிலேயே தங்கிப் பானை வைத்தார். சாயந்திரம் அவளை மட்டும் பூங்காவுக்குக் கூட்டிப் போனார். இது அஞ்சலை எனக்குச் சொன்னது. சுவருக்கு முன்னால் அவளை நிறுத்தி, படத்தின் கழுத்தில் இருந்த இன்னொரு கொப்பளத்தில் விரலை வைத்தாராம். பொலபொலவென்று கொட்டியதாம்.

"கல்லு எதுக்குடி? வெரல வெச்சாலே வருது பாரு."

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள்.

"செய்யாதத ஏன்டி செஞ்சேன்னு சொன்ன?"

"எல்லாரும் ஊருக்குப் போவணும்லம்மா."

வார்டன் அம்மா சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தாராம். பிறகு, "கொத்தனார் அன்னைக்கே சொன்னாரு. நான்தான் கேக்கல" என்றாராம். அஞ்சலைக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்து, ஊஞ்சலில் வைத்துத் தானே ஆட்டிவிட்டிருக்கிறார். அவள் அப்பா அன்றைக்கு ஊரில்தான் இருந்தார். பஸ்ஸில் ஏற்றியிருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்திருப்பாள். அது இருவருக்கும் தெரியும்.

லீவு முடிந்து வந்தபோது இருபத்தைந்து பேரில் நாலு பேர் கரும்பு கொண்டு வந்திருந்தார்கள். நான் கொண்டு வரவில்லை. மறந்துவிட்டேன்.

பத்தாவதில் நானூறுக்கு மேல் எடுத்தால் பாலிடெக்னிக்கில் நானே கூட்டிப்போய்ச் சேர்க்கிறேன் என்று வார்டன் அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். எடுத்தேன். சேர்த்தார். இரண்டு நாள் லீவு போட்டு, சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் எனக்காக நின்றார். சேர்த்துவிட்டுத் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அந்தப் பொங்கல் நோட்டுல அஞ்சல பேருக்கு நேரா கோடு போட்டது நீதான?"

அவர் ஒரு பெண்ணைப் பெயர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"ஆமாம்மா."

"ம்" என்றார். அவர் திட்டியிருக்கலாம். திட்டுகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

இது 2007. நான் அரியலூரில் கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பூச்சுவேலை முடிந்து இருபத்தெட்டு நாள் ஆகாமல் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவிட மாட்டேன், ஆட்கள் பின்னால் முணுமுணுப்பார்கள். வார்டன் அம்மா ஓய்வு பெற்றுவிட்டார். அஞ்சலை பத்தாவது முடித்ததும் அவரோடு அரியலூருக்கே வந்து, ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை பார்த்தது, தட்டு மாற்றியது எல்லாம் வார்டன் அம்மா. என் நகத்தைப் பற்றி நான் அஞ்சலையிடம் இதுவரை சொல்லவில்லை.

போன வாரம் அச்சாபீசில் இருந்துகொண்டு எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, பத்திரிகைக்கு ரெண்டு கேக்கறாங்க. அரியலூர் மாவட்டம்னு போடறதா, பெரம்பலூர் மாவட்டம்னு போடறதா? முந்தி ஒரு தடவ பிரிச்சு மறுபடி சேத்தாங்கல்ல, அதான்."

"அரியலூர்னே போடு. இந்தத் தடவ சேக்க மாட்டாங்க."

"சரி. அப்பா பேருக்கு முன்னாடி லேட் போடணுமான்னு கேக்கறாங்கக்கா. நான் என்ன சொல்றது?"

எனக்குப் பின்னால் கலவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். "வார்டன் அம்மா என்ன சொல்றாங்க?"

"'நான் குடுத்த வார்த்த எனக்குத் தெரியும். உங்கப்பன் எனக்கு எதுவும் சொல்லல, எனக்கெப்படித் தெரியும்'னுட்டாங்க."

"பேரு மட்டும் போடு."

"பேரு மட்டும் போட்டா உசுரோட இருக்காருன்னு அர்த்தமாக்கா?"

"ஆமா."

"சரிக்கா" என்றாள்.

கல்யாணம் தை மாதம். பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. அழைப்பவர் இடத்தில் வார்டன் அம்மாவின் பெயர் இருக்கிறது. மணமகளின் தகப்பனார் பெயருக்கு முன்னால் எதுவும் இல்லை. அவர் இருக்கிறாரா என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது.